அண்ணனின் குடியை நான் நிறுத்திய வாரம்

என் அண்ணன் குடித்துவிட்டுத் தள்ளாடி நான் பார்த்ததே இல்லை. குடிக்காதபோதுதான் தள்ளாடுவார். இதை அப்போதே யாராவது எனக்கு விளக்கியிருந்தால் பின்னால் நடந்தவற்றில் பாதி நடந்திருக்காது. ஆனால் எங்கள் வீட்டில் இதையெல்லாம் மற்றவர்களுக்கு விளக்க வேண்டிய இடத்தில் இருந்தவளே நான்தான். அரசாங்க மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ். சிங்கப்பூரில், தேக்கா வட்டாரத்தில், அந்தக் காலத்தில் எங்களை எல்லாரும் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடுவார்கள். காய்ச்சல், கட்டி, கைக்குழந்தையின் வயிற்றுப்போக்கு, எதுவானாலும் மிஸ்ஸியைக் கேட்டால் போதும் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. அண்ணனும் அண்ணியும் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில், ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். கீழே ஒரு பாயின் மளிகைக் கடை. நான் நர்ஸ் விடுதியில் தங்கியிருந்தேன். ஓய்வு நாள் கிடைத்தால் பஸ் பிடித்து அங்கே போய்விடுவேன். எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்ததும், பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாமல் படிக்க வைத்ததும், பொம்பளைப் பிள்ளையை ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது வாயை மூடச் சொன்னதும் அண்ணன்தான்.

அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஆறு அடிப் பலகையில் சுண்ணாம்புக் கோடு ஒன்றை இழுத்துவிட்டு, அதன் மேல் அளவுகோல் வைக்காமல் எழுதிக்கொண்டே போவார். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே உயரத்தில் நிற்கும். ஏணியின் மேல் நின்று, இடது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு, வலது கையால் ‘ழ’ போடுவதைப் பார்க்கக் கீழே நாலு பேர் நிற்பார்கள். அந்தக் கையில் துளி நடுக்கம் இருக்காது.

காலையில் மட்டும் அந்தக் கை வேறு கை.

ஒரு நாள் இரவு வேலை முடிந்து அதிகாலையில் நேராக அங்கே போனபோதுதான் முதல் முறையாக அதைப் பார்த்தேன். அண்ணன் பாயில் உட்கார்ந்திருந்தார். எதிரே தகரக் குவளையில் சம்சு. சீனக் கடைகளில் விற்கிற அரிசிச் சாராயத்துக்கு இங்கே அதுதான் பெயர். குவளையைக் கையில் எடுத்தால் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் கொட்டிவிடும். அதனால் ஒரு துண்டைப் பின்கழுத்தில் போட்டு, ஒரு நுனியைக் குவளையோடு சேர்த்து வலது கையில் பிடித்துக்கொண்டு, மறு நுனியை இடது கையால் மெல்ல இழுத்தார். கழுத்தைச் சுற்றிவந்த துண்டு கையைக் குவளையோடு தூக்கி வாயில் கொண்டுவந்து சேர்த்தது. அண்ணி அடுப்பங்கரையிலிருந்து திரும்பிப் பார்க்கவே இல்லை. தினமும் நடப்பதால்தான் பார்க்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

கால் மணி நேரம் கழித்து அண்ணன் எழுந்து முகம் கழுவி, தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு, “வா தங்கச்சி, டீ குடிக்கலாம்” என்றார். டீக் கிளாஸைச் சாதாரணமாகப் பிடித்துக் குடித்தார்.

அதன் பிறகு மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை. ஒரு நாள்கூடக் குரல் உயர்ந்ததில்லை. அண்ணியைக் கைநீட்டி அடித்ததில்லை. “அவரு குடிக்கிறதே தெரியாது” என்று தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். அவ்வளவு குடித்தும் தெரியவில்லை என்றால் உள்ளே என்னவோ மாறிப்போயிருக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவர் நல்ல குடிகாரர் என்று நானும் ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

ஒரு சீனப் புத்தாண்டின்போது அது கெட்டது. பண்டிகைக்குச் சம்சு விற்கிற கடைகள் மூடிவிடும் என்று தெரிந்து அண்ணன் முன்கூட்டியே ஒரு பெரிய புட்டி வாங்கி வைத்திருந்தார். அந்தப் புட்டி உடைந்துபோயிற்று. கை தவறிவிட்டது என்று அண்ணி சொன்னாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டாம் நாள் காலை ஒரு நகைக்கடைக்காரர் பலகைக்கு வண்ணம் தீட்டக் கூப்பிட்டிருந்தார். அண்ணன் ஏணியில் ஏறி நாலு படி போனதும் கை கால் விறைத்துக் கீழே விழுந்தார். தலையில் தையல் போட்டார்கள். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து அண்ணி என்னைத் தேடி நர்ஸ் விடுதிக்கே வந்துவிட்டாள். வாசலில் நின்றபடியே பேசினாள்.

“குடிக்காம இருந்த அன்னிக்குத்தான் விழுந்தாருன்னு தெருவுல சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரல. என்னைக்காச்சும் ஏணியிலேருந்து விழுந்து செத்துப்போயிடுவாரு. நீங்க சொன்னா கேப்பாரு. நீங்க மிஸ்ஸி, படிச்சவங்க.”

“நீங்க சொல்லிப் பாத்தீங்களா அண்ணி?”

“பத்து வருஷமா வேற என்னத்தச் சொல்லிக்கிட்டிருக்கேன்?”

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணனிடம் பேசினேன். சண்டை வரும் என்று நினைத்துப் பேச்சையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

“விட்டுடறேன்,” என்றார். “எனக்கும் அலுத்துப்போச்சு தங்கச்சி. காலைல எந்திரிச்சு அந்தத் துண்ட எடுக்கறப்போ எனக்கே என்னப் பாக்கப் பிடிக்கல. ஆனா தனியா முடியாது. நீ பக்கத்துல இரு.”

“ஒரு வாரம் லீவு போடறேன் அண்ணே. ஒரு வாரம் பல்லக் கடிச்சுக்கிட்டா அப்புறம் தானா சரியாயிடும்.”

ஒரு வாரம் என்று எங்கே படித்தேன் என்று எனக்குத் தெரியாது. எங்கும் படித்திருக்க மாட்டேன். பயிற்சிக் காலத்தில் குடிநோயைப் பற்றி நடத்திய ஒரு மணி நேரப் பாடத்தில், திடீரென நிறுத்தினால் ஆபத்து என்று ஒரு வரி இருந்திருக்க வேண்டும். பின்னால் என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வரி இருந்தது, என் கையெழுத்திலேயே.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிக் குவளையை நானே ஊற்றிக் கொடுத்தேன். மிச்சத்தைக் கொல்லைப்புறச் சாக்கடையில் கொட்டினேன். அண்ணி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். அண்ணன் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை நடுக்கம் வழக்கம்போல வந்தது. வழக்கம்போல அடங்கவில்லை. மத்தியானத்துக்குள் உடம்பு முழுவதும் ஆடியது. வேர்வையில் பாய் நனைந்து இரண்டு தடவை மாற்றினோம். சாப்பிட்டது நிற்கவில்லை. வெளியே யாராவது தகர டப்பாவைக் கீழே வைத்தால் இவர் இங்கே துள்ளி எழுந்தார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றார். சன்னலைச் சாத்தினோம். நான் குளிர்ந்த துணியால் துடைத்தேன், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன், நாடியைப் பிடித்து எண்ணினேன். வேகமாக இருந்தது. விஷம் இறங்குகிறது, அப்படித்தான் இருக்கும் என்று அண்ணியிடம் சொன்னேன்.

சாயங்காலம் சோடா வாங்கக் கீழே போனபோது கடைக்காரப் பாய் என்னை நிறுத்தினார். ஐவேளை தொழுகிறவர். சம்சு விற்கிற கடை இருக்கிற பக்கம்கூட நடக்க மாட்டார்.

“மிஸ்ஸி, தப்பா நினைக்காதீங்க. ஒரு வாய் கொடுத்துட்டாத்தான் என்னலா?”

“பாய், நீங்களா இப்படிச் சொல்றது?”

“நான் தொட்டதில்ல, அல்லாஹ் காப்பாத்தணும். ஆனா கடைக்கு முன்னால நான் கப்பல்ல வேல பாத்தேன். சமையக்காரர் ஒருத்தர், உங்க அண்ணன் மாதிரிதான், நல்ல மனுசன். நடுக்கடல்ல சரக்கு தீந்துபோச்சு. மூணாம் நாளு பேய் புடிச்ச மாதிரி ஆயிட்டாரு. கயித்தப் போட்டுக் கட்டினோம். கரைக்கு உசுரோட வரல.”

“அதுக்கு வேற காரணம் இருந்திருக்கும் பாய். நான் பாத்துக்கறேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு சோடாவை எடுத்துக் கொடுத்தார். சமையல்காரர் கதையை நான் மாடிப்படி ஏறுவதற்குள் மறந்துவிட்டேன். படிக்காதவர் பயப்படுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். அண்ணி கஞ்சியோடு உள்ளே வந்தாள். அண்ணன் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. ஒரு முனகல் வந்தது. உடம்பு வில்லாக வளைந்து விறைத்து, பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. கஞ்சிக் கிண்ணம் உருண்டது. நான் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டேன். என் கைகள் வார்டில் செய்கிற மாதிரியே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தன. இரண்டு நிமிஷத்தில் அடங்கிற்று. நாக்கைக் கடித்து ரத்தம் வந்திருந்தது.

அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். அண்ணி அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். இதை எழுதுவதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? என் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும். மிஸ்ஸியின் அண்ணன் சம்சு குடிகாரர் என்று சாப்பாட்டறையில் பேசுவார்கள். அந்த நினைப்பை நான் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. “வலிப்பு வந்து போயிடுச்சு, இனிமே குறையும்” என்று அண்ணியிடம் சொன்னேன். அவள் நம்பினாள்.

அன்று மத்தியானம் அண்ணன் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. விரலால் சுவரில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். “எல்லாம் எறங்கி வருது பாரு,” என்றார். “எழுதி வச்ச எழுத்தெல்லாம் எறங்கி நடக்குது. கொம்பும் சுழியும் தனித்தனியாப் போவுது. புடி, புடி, பாய்க்கு அடியில பூந்துடுச்சு.” பாயைத் தூக்கி உதறினார். தன் கால்களிலிருந்து பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். என்னைப் பார்த்து, “மேஸ்திரி, நான் கோடு சரியாத்தான் போட்டேன்” என்று கெஞ்சினார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. நாடியை எண்ணினேன். எண்ணிக்கையை நம்ப முடியாமல் மறுபடியும் எண்ணினேன்.

அண்ணி கீழே ஓடிப் போய்ப் பாயை அழைத்துவந்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். “நான் சொன்னேனே” என்று சொல்லவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு டாக்சி கொண்டுவந்தார். அவரும் நானும் அண்ணனை இரண்டு பக்கமும் பிடித்துப் படி இறக்கினோம். வண்டியில் அண்ணன் பாயின் தொப்பியைப் பிடுங்கி, அதிலிருந்து எழுத்துகளைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார். பாய், “தட்டுங்க, தட்டுங்க, நல்லாத் தட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆண்கள் வார்டில் அன்று வேலையில் இருந்த டாக்டர் என்னைவிட இளையவர். சீனர். இரண்டு நாளாகத் தூங்காத முகம். இங்கிலீஷில் கேட்டார்.

“கடைசியாக எப்போது குடித்தார்?”

“வியாழன் மாலை.”

“எத்தனை வருஷமாகக் குடிக்கிறார்?”

“பதினைந்து இருக்கும்.”

“தானாக நிறுத்தினாரா?”

“நான்தான் நிறுத்தினேன்,” என்றேன். “நான் இங்கே நர்ஸ்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “குடித்துச் செத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படித் திடீரென்று நிறுத்திச் செத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது,” என்று சொல்லிவிட்டு ஊசிக்கு ஏற்பாடு செய்யப் போனார்.

அண்ணனைக் கட்டிலோடு துணியால் கட்டினார்கள். தூங்க வைக்கிற பாரால்டிஹைட் ஊசி போட்டார்கள். அந்த மருந்தின் வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். உள்ளே போன மருந்து மூச்சில் திரும்ப வரும். வார்டு முழுவதும், பக்கத்துக் கட்டில்காரர்களின் போர்வையில்கூட அந்த வாடை இருந்தது. வைட்டமின் ஊசியும் போட்டார்கள். நான் லீவை ரத்து செய்துவிட்டு மறுநாள் என் வார்டில் வேலைக்குப் போனேன். இடைவேளைகளில் சீருடையோடு ஆண்கள் வார்டுக்குப் போய் நின்றேன். சாப்பாட்டறையில் எல்லாரும் பேசினார்கள்தான். பேசினால் என்ன ஆகும் என்று பயந்தேனோ அதில் ஒன்றும் ஆகவில்லை. ஒருத்தி எனக்காக ஒரு தட்டில் சோற்றை எடுத்து மூடி வைத்திருந்தாள். அவ்வளவுதான்.

அண்ணி வார்டு வராந்தாவில் ஒரு பெஞ்சில் இருந்தாள். மூன்று நாளும் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சொன்னாள்:

“உங்க படிப்ப நம்பித்தானே விட்டேன். நான் கேட்டப்பவே கொண்டாந்திருக்கலாம்ல?”

நான் அந்த பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஐந்தாம் நாள் காலை அண்ணன் கண் விழித்து, கட்டை அவிழ்க்கச் சொன்னார். பசிக்கிறது என்றார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நடந்த எதுவும் அவருக்கு நினைவில்லை. “நான் ஏதாச்சும் அசிங்கமாப் பேசிட்டேனா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “கோடு சரியாத்தான் போட்டேன்னு சொன்னீங்க” என்றேன். அவருக்கு அது புரியவில்லை.

அன்று அண்ணனுக்குள் நடந்தது என்ன என்று எனக்கு விளங்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், மூத்த நர்சுகளுக்கென்று ஒரு வகுப்பு நடத்தினார்கள். பாடம் எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். மூளையின் நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ரசாயனங்கள் வைத்திருக்கின்றன என்று சொன்னாள். தூண்டிவிடுவதற்கு ஒன்று, குளூட்டமேட். அடக்கி வைப்பதற்கு ஒன்று, காபா. நாம் நிதானமாக உட்காருவதும் தூங்குவதும் கை நடுங்காமல் ஊசியில் நூல் கோர்ப்பதும் இந்த இரண்டும் சரிசமமாக இருப்பதால்தான். சாராயம் உள்ளே போனதும் காபாவின் பக்கம் சேர்ந்துகொண்டு அதன் வேலையைக் கூட்டிவிடுகிறது. தூண்டுகிற பக்கத்தை அமுக்கிவிடுகிறது. அதனால்தான் முதலில் குடிக்கிறவனுக்குப் பயம் விடுகிறது, நாக்கு தடிக்கிறது, தூக்கம் வருகிறது.

ஆனால் மூளை சும்மா இருக்காதாம். தினமும், வருஷக்கணக்காக இப்படி வெளியிலிருந்து ஒன்று வந்து அடக்கிக்கொண்டே இருந்தால், அது தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். காபா எவ்வளவு சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாது. தூண்டுகிற பக்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொள்ளும். அப்படிச் சரிக்கட்டிக்கொண்ட மூளைதான் எவ்வளவு குடித்தாலும் தள்ளாடாது. அந்த நிலைமையில் ஒரு நாள் சாராயத்தை எடுத்துவிட்டால் அடக்குவதற்கு ஆளே இல்லை. தூண்டுவது மட்டும் முழு வேகத்தில் நிற்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சின்னச் சத்தம் இடி போலக் கேட்கும். அதற்கு மேல் போனால் வலிப்பு. அதற்கும் மேல் போனால் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் எனக்கு ஒரு நாள் தெரிந்தது. நடுக்கம், வெள்ளிக்கிழமை. தகர டப்பா, வெள்ளிக்கிழமை மத்தியானம். வலிப்பு, சனிக்கிழமை எட்டு மணி. ஏணியிலிருந்து விழுந்ததும் அதே வலிப்புதான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. அந்தப் பெண், “ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?” என்று கேட்டாள். எனக்குச் சந்தேகம் எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

அந்த முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் வாரம் அண்ணன் மறுபடியும் குடிக்க ஆரம்பித்தார். அண்ணி வந்து சொன்னபோது நான் சோர்ந்து படுத்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. இனி நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு ஆறேழு வருஷம் நான் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மகள் பிறந்தாள். அண்ணனும் அண்ணியும் குவீன்ஸ்டவுனில் புது அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். குழாயைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. சம்சு கிடைக்கிற கடை தூரமாகிவிட்டது. அவ்வளவுதான் மாற்றம். அங்கேயும் சில காலைகளில் அண்ணிக்கு உடம்பு முடியாதபோது நானே போய் அந்த முதல் வாயை ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். மருந்து அளக்கிற கண்ணாடிக் குப்பியில் அளந்துதான் ஊற்றுவேன். கொடுத்துவிட்டு அவர் கை அடங்குகிறவரை நின்று பார்ப்பேன். பிறகு பஸ் பிடித்து வேலைக்குப் போவேன். என்னிடம் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. இரண்டுமே வற்றிப்போயிருந்தன. நான் அளந்து ஊற்றுவதை அண்ணி படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள், “இதுக்குத்தான் படிச்சீங்களா?” என்றாள். குத்திக்காட்டவில்லை. அவளும் களைத்துப்போய்க் கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் எங்களுக்குள் சமாதானம் ஆனது.

சிங்கப்பூர் தனி நாடான மறு வருஷம் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவராகவே சொன்னார்.

“தங்கச்சி, இன்னொரு தடவ பாக்கலாமா?”

“நான் நிறுத்த மாட்டேன் அண்ணே.”

“நீ நிறுத்த வேணாம். ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கறேன். நீ கூட்டிட்டு மட்டும் போ.”

இந்தத் தடவை அவர் கடைசியாகக் குடித்த அன்றே போய்ச் சேர்ந்தோம். அதற்குள் புது மாத்திரை வந்திருந்தது. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் கறுப்பு உறை. சாராயம் வேலை செய்கிற அதே இடத்தில்தான் அதுவும் போய் வேலை செய்கிறது என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. முதல் நாள் நிறைய, பிறகு நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்தார்கள். மூளைக்குத் தன் வேலையைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ள அவகாசம். கட்டிலில் கட்டவில்லை. அண்ணன் தூங்கித் தூங்கி விழித்தார். லேசாக நடுங்கினார். வேர்த்தார். வலிப்பு வரவில்லை, எழுத்து எதுவும் நடக்கவில்லை. பத்தாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார். இவ்வளவு சுலபமாகவும் இது முடியும் என்பதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வார்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி என் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு அண்ணன் குடிக்கவில்லை. கை முழுக்கச் சரியாகவும் இல்லை. இருபது வருஷத்துக் குடி நரம்பில் மிச்சம் வைத்திருந்தது. பலகை எழுதிப் பார்த்தார். இரண்டாவது எழுத்திலேயே கோடு தள்ளிப்போயிற்று. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் காவலாளி வேலை கிடைத்தது. காலையில் வாயிற்கதவைத் திறப்பது, மணி அடிப்பது, சாயங்காலம் பூட்டுவது. அதை ஒன்பது வருஷம் செய்தார்.

ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் அவரோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

“இப்பவும் வேணும்னு தோணுமா அண்ணே?”

“தினமும் தோணும்.”

“தினமுமா?”

“காலைல எந்திரிச்சதும் தோணும். பத்து மணி வரைக்கும் இருக்கும். அப்புறம் அலுத்துப்போயிடும்.”

“என்ன அலுத்துப்போயிடும்?”

“வேணும்னு நினைக்கிறதே அலுத்துப்போயிடும் தங்கச்சி. மறுநாளு மறுபடி வரும்.” கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். “உனக்கும் அலுத்துத்தான் போயிருக்கும், எங்கள வச்சு இழுத்து.”

ஆமாம் என்றேன். மறைத்துப் பேச எங்களுக்குள் ஒன்றும் இல்லை. அவர் எழுந்து போய் மணி அடித்தார். பிள்ளைகள் கூச்சலோடு வெளியே வந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அவர் துள்ளவில்லை. வாயிற்கதவைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் போய் முடிகிறவரை நிதானமாக நின்றார்.